பொருள் கண்ணுக்குத் தெரிவது எவ்வாறு?

ஜவ்வாது மலை அங்கத்தினர்களில் காவலூர் வானாய்வகத்தை அறியாதவர் இரார். 1968-ல் தொடங்கிய அவ்விடத்தில் 1986-ல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி திறக்கப்பட்டது. "ஐயா, அது விளக்கடித்தா வானத்தைப் பார்க்கிறது?" என்று சங்கத்திற்குச் சாமை கொண்டுவந்த பெரியவர் ஒருவர் நம்மை வினவினார். நல்ல கேள்வி.

கண் ஒளியை அனுப்பிப் பார்ப்பதில்லை. வந்து சேரும் ஒளியையே பெறுகிறது. தொலைநோக்கியும் அவ்வாறே. ஞாயிறு, விண்மீன், அடுப்புத் தழல், மின்மினி ஆகியவை தாமே ஒளி உமிழ்வன. நிலவும், கோள்களும், சாமைக் கதிரும், நம் முகமும் இரவல் ஒளியைத் திருப்பி அனுப்புவன.

திருப்பி அனுப்பும் ஒளி மிகக் குறைந்தால்? யுரேனஸ் கோளின் வளையங்கள் கரியைப் போல் கறுத்தவை. 1977 மார்ச் 10 அன்று அக்கோள் ஒரு விண்மீனின் குறுக்கே செல்லவிருந்தபோது, காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியால் நோக்கினர். எதிர்பார்த்த நேரத்திற்கு முன்பே விண்மீனின் ஒளி சற்றுக் குன்றியது. புதிய துணைக்கோள் ஒன்று மறைத்ததென்றே முதலில் கருதினர். இந்தியப் பெருங்கடல் மீது பறந்த அமெரிக்க விமானத்திலிருந்து அதே இரவில் நோக்கியோர் கண்டதையும் சேர்த்துப் பார்த்தபின், அவை வளையங்கள் எனத் தெளிந்தது. ஒளியால் தெரியாதது நிழலால் தெரிந்தது!

இரவல் ஒளியில் ஒரு சங்கடம் உண்டு; அது நெசவாளரின் கூலியையே தொடுவது. சிவப்புச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் பிற நிறங்களைப் பெரிதும் விழுங்கிச் சிவப்பைத் திருப்புகிறது. விளக்கில் இல்லாத நிறத்தை நூல் எங்கிருந்து திருப்பும்? ஆகவே வெவ்வேறு சாயக் கலவையில் தோய்ந்த இரு சிட்டங்கள் விளக்கடியில் ஒன்றுபோலத் தோன்றி, வெயிலில் வேறுபடக்கூடும்.

மலையடிவாரத்துச் சங்கம் ஒன்றின் பதிவேட்டில் "உடலும் முந்தியும் நிறம் ஒவ்வவில்லை, கூலியில் பிடித்தம்" என்ற குறிப்பைக் கண்டோம். விசாரித்ததில், அந்நூலைச் சங்கமே மாலையில், சன்னலற்ற கிடங்கில், விளக்கொளியில் ஒப்பிட்டு வழங்கியிருந்தது. சேலையை ஏற்றதோ நண்பகலில், முற்றத்தில். நெய்தவர் மேல் என்ன குற்றம்?

நூல் வழங்குவதும் சேலை ஏற்பதும் பகல் வெளிச்சத்திலேயே நடைபெற வேண்டுமென்றும், பிடித்த தொகையைத் திருப்பித் தரவேண்டுமென்றும் அறிக்கையில் எழுதினோம். முதலாவதை நிர்வாகக் குழு ஏற்றது. இரண்டாவது அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.