அனிமேஷன் பட்டம்: பணம் கட்டுமுன் சான்றிதழில் யார் பெயர் என்று பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் அனிமேஷன், கேம் டிசைன், விஎஃப்எக்ஸ் படிப்புகளுக்கான விளம்பரங்கள் வீடு தேடி வரும். வரைவதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது அருமையான துறை. ஆனால் லட்சக்கணக்கில் கட்டிய பிறகு, கையில் இருப்பது பட்டமல்ல, வெறும் பயிற்சிச் சான்று என்று தெரியவந்தால் அந்தக் குடும்பம் தாங்காது.

பட்டம் தரும் உரிமை யாருக்கு?

1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் நடத்தும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது.

தனியார் மையங்களிலும் நல்ல பயிற்சி கிடைக்கும். அங்கே ‘பி.எஸ்சி.’ என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. என்று கேளுங்கள். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தால் கூடுதல் கவனம் தேவை. ஒரு மாநிலச் சட்டம் உருவாக்கிய பல்கலைக்கழகம் அந்த மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்த அச்சட்டத்தால் அதிகாரம் தர முடியாது என்று 2005-இல் யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைநிலைப் படிப்பானால், யுஜிசி அனுமதித்த பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

‘100 சதவீத வேலை’

2025 தொடக்கத்தில் விஎஃப்எக்ஸ் நிறுவனமான டெக்னிகலர் நொடித்தபோது, இந்தியாவில் அனுபவமுள்ள கலைஞர்களே பெருமளவில் வேலை இழந்தார்கள். நிலைமை இப்படியிருக்க, எந்த மையத்தாலும் எல்லோருக்கும் வேலைக்கு உறுதி தர முடியாது. வாய்மொழி வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். மையமே ஏற்பாடு செய்யும் மாதத்தவணை உண்மையில் உங்கள் பெயரில் வாங்கப்படும் கடனாக இருக்கலாம். படிப்பை நிறுத்தினாலும் அந்தத் தவணை தொடரக்கூடும்.

உங்கள் உரிமைகள்

யுஜிசியின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம் கிடைக்கும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது. இவை யுஜிசி வரம்புக்குள் வரும் கல்வி நிறுவனங்களுக்கே பொருந்தும். வெறும் பயிற்சி மையத்தில் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமே பேசும்.

மாணவர் சொந்தமாக உருவாக்கிய படத்தின் பதிப்புரிமை பொதுவாக மாணவருக்கே உரியது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமல் அதை மாற்றிக்கொள்ள முடியாது. சேர்க்கைப் படிவத்தின் சிறிய எழுத்துகளில் அப்படியொரு வரி இருக்கிறதா என்று படியுங்கள்.

எங்கே முறையிடுவது?

பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்கவேண்டும் என்கின்றன 2023 யுஜிசி விதிகள். அதன் முடிவில் திருப்தியில்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்பர்சன்) மேல்முறையீடு செய்யலாம். பயிற்சி மையங்களின் பொய் விளம்பரத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாமே ஆதாரம்; எதையும் அழிக்காதீர்கள்.

முன்பணம் கேட்கிறார்களா? பல்கலைக்கழகத்தின் இணைவுக் கடிதத்தை முதலில் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.