மணற்காட்டு வேர்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தவளக்குப்பம் வந்து கிழக்கே திரும்பினால் நல்லவாடு. கடலோர மீனவர் ஊர். இங்கிருந்து தெற்கே பெண்ணையாற்றின் முகத்துவாரத்தையும் கடலூரையும் தாண்டி நொச்சிக்காடு, தியாகவல்லி வரை கரையோரம் பெரும்பாலும் மணல்தான். நெல்லுக்கு ஏற்ற மண் அல்ல. ஆனால் வெட்டிவேருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. களிமண்ணிலும் அந்தப் புல் தழைக்கும். வித்தியாசம் தோண்டும்போது தெரியும். களிமண் வேரைப் பிடித்து அறுத்துவிடும். மணலோ உதறியதும் உதிர்ந்துவிட, மெல்லிய சல்லிவேரும் முழுதாகக் கைக்கு வரும். இந்தப் புல்லுக்கு மணமெல்லாம் வேரில்தான். விதை போடும் வேலை இல்லை. தூரைப் பிரித்து நட்டு, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருந்து தோண்டுகிறார்கள்.

இந்த வேரை நம் வீடுகள் பயன்படுத்திய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீரில் ஒரு வேர்க்கட்டு. சன்னலில் தொங்கும் வேர்த்தட்டி. அதில் தண்ணீர் தெளித்தால் உள்ளே வரும் காற்றும் குளிர்ந்து மணக்கும். பட்டுப்புடவை மடிப்பில் ஒரு பிடி வேர். கோயிலில் சுவாமிக்கு வெட்டிவேர் மாலை. பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூவோடு சேர்த்து அரைத்த நலங்கு மாவு. தலைக்குத் தேய்க்க, நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ வேரை ஊறவைத்துக் காய்ச்சிய தைலம். இத்தனையிலும் எங்கும் வேரின் எண்ணெயைத் தனியாகப் பிரித்தெடுக்கவில்லை. தண்ணீரும் நல்லெண்ணெயும் காற்றுமே வேரிடமிருந்து மணத்தை வாங்கித் தந்தன.

வடிக்கும் கலை தெரியாமல் இப்படிச் செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சித்த மருத்துவத்தில் வாலை இயந்திரம் உண்டு. கீழ்ப்பாத்திரத்தில் சரக்கும் நீரும் கொதிக்க, மேலே எழும் ஆவி குளிர்ந்து குழாய் வழியே சொட்டும். அதுதான் தீநீர். குழந்தையின் வயிற்று உப்புசத்துக்குப் பாட்டிமார் கொடுத்த ஓமத் தீநீர் இப்படி வடித்ததே. ஆனால் வெட்டிவேர் வாலைக்கு எளிதில் மசியாது. அதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும் நீராவி செலுத்த வேண்டும். அடர்த்தியும் ஏறக்குறைய நீரின் அடர்த்தியே என்பதால், வடிந்த பிறகும் சுலபமாகப் பிரிந்து மிதக்காது. நூறு கிலோ காய்ந்த வேரில் ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். இவ்வளவு விறகையும் வேரையும் எந்த வீடு தாங்கும்? உத்தரப்பிரதேசத்தின் கன்னோசியில் செப்புக் கொப்பரை வைத்து அத்தர் வடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதைச் செய்தார்கள். செம்பு பட்டு அந்த எண்ணெய் பச்சை பாய்ந்திருக்கும். வடக்கே தானாக முளைக்கும் வேரின் எண்ணெயும் தெற்கே பயிராகும் வேரின் எண்ணெயும் மணத்தில் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

மணப்பொருளை எண்ணெயில் ஊறவைப்பது நம் வீட்டோடு நின்ற வழக்கமும் அல்ல. நல்லவாட்டுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே பழைய துறைமுகமான அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடிகள் கிடைத்தன. மதுவும் ஆலிவ் எண்ணெயும் சுமந்து வந்தவை. ரோமானியர் காலத்துக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளஸ், இந்தியத் துறைமுகங்களில் ஏற்றுமதியான பொருள்களில் சடாமாஞ்சில் வேரையும் தமாலபத்திரி இலையையும் சொல்கிறது. மணம் வேராகவும் இலையாகவுமே கப்பல் ஏறியது. ரோமானியரும் அவற்றை எண்ணெயில் ஊறவைத்தே பூசுதைலம் செய்தார்கள். நம் வீட்டுத் தைலத்தின் முறையும் அதுவே.

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். அதே தீவில் பிரெஞ்சுக்காரர்கள் வெட்டிவேரைப் பயிரிட்டு எண்ணெய் வடித்தார்கள். 'பூர்போன்' என்ற அடைமொழியோடு அதற்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது. 1957இல் பாரிசின் கார்வென் நிறுவனம் இந்த வேரின் பெயரிலேயே ஆண்களுக்கான ஒரு வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. மற்ற மணங்கள் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கும் குணத்துக்காகவே வாசனைத் தொழில் இந்த எண்ணெயைத் தேடுகிறது. இன்று அதிகம் வடிப்பது ஹைட்டி. 

இப்போது அதே எண்ணெய் சிறு குப்பிகளில் நமக்கே திரும்பி வருகிறது. கடையில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பானையில் போட்ட வேரும் குப்பியில் அடைத்த எண்ணெயும் ஒரே வீரியம் கொண்டவை அல்ல. ஒரு சொட்டில் ஒரு பிடி வேரின் சாரம் இருக்கிறது. வடித்த எண்ணெய் எதையும் நேரடியாகத் தோலில் தேய்க்கக் கூடாது; நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்துதான் தேய்க்க வேண்டும். கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரத் தைலம், யூகலிப்டஸ் தைலம் தடவுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். கற்பூரத்தை விழுங்கிவிட்டால் குழந்தைக்கு வலிப்பும் வரக்கூடும்.

அந்த எண்ணெயை நம் கரையிலேயே வடிக்க வழி இருக்கிறதா? லக்னோவில் மருத்துவ, நறுமணப் பயிர்களுக்கென மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் (சீமாப்) இருக்கிறது. எண்ணெய் மிகுந்த வெட்டிவேர் ரகங்களை அது வெளியிட்டிருக்கிறது. ஆனால் ரகம் மட்டும் போதாது. வேரை வேராகவே கட்டி விற்பவருக்கு மாலைக்காரரும் நாட்டு மருந்துக் கடைக்காரரும் சொல்வதே விலை. தனி ஒருவரால் கொதிகலன் வைக்க முடியாது என்பதால், கரையோர ஊர்கள் சேர்ந்து ஒரு பொது வடிகலன் வைக்க அரசு கைகொடுக்க வேண்டும். அது கேணிக்கும் சாலைக்கும் அருகில், வேர் காய்ந்ததும் ஏற்றிச் செல்லும் தொலைவில் அமைய வேண்டும்.