பழைய காரைப் பழையபடியே ஆக்குவது எப்படி?



"பழைய காரைப் புதுசாக்குவது" என்றுதான் நாமெல்லாம் பேச்சு வழக்கில் சொல்கிறோம். போன விடுமுறை வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று புரிய எனக்கு ஒரு வாட்டர் பேப்பரும், ஒரு மேஸ்திரியின் திட்டும் தேவைப்பட்டன. அந்தக் கதையோடு, பழைய காரை அதன் ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவரும் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் எழுதுகிறேன்.

நம்ம பக்கத்துக் கார்

எங்கள் ஊர் நெம்மேலி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலையோரத்து டிங்கரிங் ஷெட் ஒன்றில் விடுமுறைக்கு வேலை பழகப் போனேன். கீற்றுக் கொட்டகை நிழலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. ஏதோ இங்கிலீஷ்காரன் கப்பலில் கொண்டுவந்த கார் என்று நினைத்தேன். இல்லை! அது நம்ம வண்டலூர்ப் பக்கம் பிறந்த கார். கேளம்பாக்கம் வழியாகப் பஸ் பிடித்தால் எங்கள் ஊரிலிருந்து போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனியின் தொழிற்சாலை பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் இருந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு காரை, 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரித்தார்கள். அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1968-ல் நான்கு கதவு வைத்த மார்க் 3 வந்தது. அதன் பிறகு 1972 முதல் 1977 வரை கஸெல். கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. 1988-ல் அதன் தயாரிப்பும் நின்றது.

இங்கேதான் சிக்கலே. கம்பெனி இல்லை. கடையில் போய் "ஹெரால்டுக்கு டோர் ஹேண்டில் கொடுங்க" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஒரிஜினலாக எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது? காரைத்தான் கேட்க வேண்டும். அதன் தகட்டிலும், போல்ட்டிலும், பெயின்டிலும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை அழித்துவிட்டால் திரும்ப வராது.

நான் செய்த தப்பு

அந்தக் கார் பல தடவை பெயின்ட் கண்டது. மேலே சிவப்பு. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது என்ன நிறமோ அதே நிறம் வேண்டும் என்பது சொந்தக்காரரின் ஆசை. மேஸ்திரி என்னிடம், "டிக்கி உள்பக்க அட்டையை எல்லாம் கழட்டி வைடா" என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கப் போனார். நான் கழட்டினேன். சும்மா இருந்தேனா? உள்ளே மங்கிப்போய் அழுக்காக இருந்த பெயின்டைப் பார்த்து, நல்ல பேர் வாங்கலாம் என்று வாட்டர் பேப்பர் போட்டு, தகடு பளபளக்கும் வரை தேய்த்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாடா தம்பி பண்ணி வெச்சிருக்க? அந்தக் கலரைப் பாக்கத்தானே கழட்டச் சொன்னேன்!"

மறு பெயின்ட் அடிப்பவர்கள் வெளியே தெரியும் இடத்தில்தான் அடிப்பார்கள். அட்டைக்குப் பின்னால், டேஷ்போர்டுக்கு உள்ளே, ரப்பர் பீடிங்குக்கு அடியில் தொழிற்சாலை பெயின்ட் அப்படியே தங்கிவிடும். நான் தேய்த்தது அழுக்கை அல்ல, சாட்சியை! பிறகு இரண்டு நாள் தேடி, ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய சாம்பல் நிறம் கிடைத்தது. அதுவும் கிடைத்திருக்காவிட்டால்? இன்றைக்கும் அந்த நினைப்பு என்னை விடவில்லை.

சரி நண்பர்களே, முறையான வேலை எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் நோட்டு, பிறகு ஸ்பேனர்

கழட்டும் முன் ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். செல்போன் போதும். சேஸிஸ் எண், எஞ்சின் எண் குறித்துக்கொள்ள வேண்டும். கழட்டிய ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்தது என்று சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். பெயின்ட் அடுக்குகளைப் பார்க்க ஒரு நாலணா அளவு இடத்தில் மட்டும் சரிவாகத் தேய்த்தால், மரத்தின் வளையம் போல ஒவ்வொரு நிறமும் தெரியும்.

இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. நம்ம 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டு முக்கினால் தலை உருண்டுவிடும். ஒரிஜினல் போல்ட் ஒன்று போச்சு!

2. பாடியைப் பிரித்தல்

ஹெரால்டில் சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியும் துண்டு துண்டாக போல்ட்டில் இணைத்தது. முன்பக்க மட்கார்டோடு சேர்ந்த பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் வேலைக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் பாடியைத் தூக்கும் முன், கதவு வாசலில் குறுக்குக் கம்பி கொடுத்துத் தற்காலிகமாகப் பிடிக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி வளைந்து, பிறகு கதவே மூடாது.

3. துரு என்னும் எதிரி

இரும்பு, ஆக்ஸிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. எங்கள் ஊரில் நாலாவதாக உப்புக்காற்று. ஈரத்தில் கரைந்த உப்பு மின்கடத்தியாக இருப்பதாலும், குளோரைடு அயனி இரும்பின் மேல் உள்ள காப்புப் படலத்தைக் கெடுப்பதாலும் துரு வேகமாகப் பரவும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது, தகட்டின் மடிப்பு பிளக்கிறது. ஹெரால்டில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கித் தரை, கதவின் அடிப்பக்கம் ஆகியவை முதலில் போகும்.

மேலே பெயின்ட் பளபளத்தாலும் நம்பக்கூடாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். பட்டி தடிமனாகப் போட்ட இடத்தில் காந்தம் பிடிக்காது.

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், வாஷிங் சோடா (சோடியம் கார்பனேட்). பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த பாகத்தில் கொடுங்கள். பாசிட்டிவ் முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டில் கொடுங்கள். துரு இளகும், நல்ல இரும்பு தேயாது. ஆனால் ஹைட்ரஜன் வாயு வரும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது. விஷமான குரோமியம் உப்பு உண்டாகும். பெரிய தகடுகளுக்கு மணல் வீச்சு என்றால் கவனம், மெல்லிய தகடு நெளிந்துவிடும்.

தகடு ஓட்டையாகிவிட்டால் முழுப் பேனலையும் மாற்றாதீர்கள். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, அதே கன அளவுத் தகட்டை அடித்து வளைத்துப் பற்றவைப்பதுதான் முறை.

4. எஞ்சின்

நம்ம பாடத்தில் வரும் கணக்குதான். ஹெரால்டு எஞ்சினில் 4 சிலிண்டர், போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 948 சி.சி. வரும். சிலிண்டர் தேய்ந்ததென்று 0.030 அங்குலம் ரீபோர் செய்தால் சுமார் 971 சி.சி. ஆகிவிடும். ஓடுவதற்கு நன்றாகவே ஓடும். ஆனால் வெட்டிய இரும்பு திரும்ப வராது. ஒவ்வொரு ரீபோருக்கும் பிளாக் மெலிகிறது. ஸ்லீவ் இறக்கி மறுபடி 63 மி.மீ.க்கே கொண்டுவந்தால் ஒரிஜினல் அளவும் நிற்கும், பிளாக்கும் பிழைக்கும்.

5. பெயின்ட்

இன்றைய பாலியூரித்தேன் பெயின்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும். அந்தக் காலத்துக் கார் அப்படி மின்னியதே இல்லை. "மின்னுறது கல்யாண வண்டிக்கு" என்பார் எங்கள் மேஸ்திரி. கிடைத்த நிறத்துக்கு ஒத்துப்போகும் நிறமும், அந்தக் காலத்து மினுமினுப்பும் போதும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

பல கார் சங்கங்களின் கணக்கில் 'விண்டேஜ்' என்றால் 1930-க்குள் செய்தவை. நம் நாட்டுச் சட்டம் வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் விண்டேஜ் ஆகும். வாடகைக்கு ஓட்டும் வண்டியாக இருக்கக் கூடாது. ஒரு முக்கிய நிபந்தனை: ஒரிஜினல் வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். ஆக, அம்பாசடர் எஞ்சினைத் தூக்கி ஹெரால்டில் வைத்தால் வண்டி ஓடலாம், விண்டேஜ் ஆகாது!

முடிவாக...

நம்மில் பலர் வீட்டில் டிப்ளமோவுக்கு வந்த முதல் ஆள் நாம்தான். நானும் அப்படித்தான். ஷெட்டில் சர்வீஸ் மேனுவலை மேஸ்திரி என்னிடம் கொடுத்து, "படிச்சு சொல்லுடா" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னேன். அதில் எழுதியிருந்த வால்வு இடைவெளியை அவர் ஃபீலர் கேஜ் இல்லாமலே விரல் உணர்ச்சியில் வைத்துக் காட்டினார். அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அந்தக் கை வித்தை எந்த மேனுவலிலும் இல்லை. அவருக்குப் பின் அதை யார் செய்வார்கள்?

எனவே நண்பர்களே, கோவை போனால் ஜி.டி. கார் மியூசியத்தையும், சென்னையில் 2023-ல் திறந்த ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியத்தையும் பாருங்கள். அதோடு உங்கள் ஊர் ஷெட்டுக்கும் ஒரு நாள் போங்கள். ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். மேஸ்திரி சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் முன் வாட்டர் பேப்பரை மட்டும் கையில் எடுக்காதீர்கள்!

- ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்