போடி: விளையாத பொருளுக்குச் சந்தையான ஊர்

போடிநாயக்கனூரை 'ஏலக்காய் நகரம்' என்பார்கள். ஆனா ஊருக்குள்ள தேடினாலும் ஓர் ஏலத்தோட்டம் கிடையாது. நிழலும் குளிரும் கேட்கிற செடி அது. விளைவதெல்லாம் மேலே, இடுக்கி மாவட்டத்து ஏலமலையில். அப்புறம் எப்படி இந்தப் பேர்?

விடை பாதையில இருக்கு. மலைச்சரக்கு சமவெளியைத் தொடுகிற வாசல் போடி. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டியில் போடி. 1924 பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-ல் கீழே மதுரை–போடி ரயில் வந்தது. அதுவும் நிலைக்கல. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது.

இத்தனைக்கும் நடுவில் சந்தை நகரவே இல்லை. காரணம், ஏலக்காய்க்குத் தோட்டம் மட்டும் போதாது. சலிக்கணும், நிறமும் பருமனும் பார்த்துப் பிரிக்கணும், முதல் போடணும், வடக்கே வாங்குகிற ஆள் வேணும். அந்தக் கைப்பழக்கம் போடியில் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்துப் புற்றடியிலும் போடியிலும் நடக்கிறது. கடைகளில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1956-ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் நின்றன. தோட்டம் ஒரு மாநிலம், சந்தை இன்னொன்று. ஆனா கூலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே பிழைப்புதான். விடியற்காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக மேலே போவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றி எல்லைப் பாதைகள் முடங்கியபோது அடி முதலில் விழுந்தது இவர்கள் மேலதான்.

போடியின் சரித்திரத்தை ஜமீன் அரண்மனையிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஜீப் ஸ்டாண்டிலிருந்து தொடங்குவேன். மேலே மழை பொய்த்தாலும் சரி, பாதை அடைத்தாலும் சரி, அது முதலில் தெரிகிற இடம் அதுதான்.