தலையில் அடிபட்ட பின்

தலையில் அடிபட்டால் இரத்தம் கொட்டுவதைக் கண்டுதான் நாம் அஞ்சுகிறோம். தலைத்தோலில் இரத்தக் குழாய்கள் மிகுதி. சிறு கீறலும் நிறையக் கசியும். காயமே தெரியாத அடியையும் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நெற்றிப்பொட்டில் மண்டையோடு மெல்லியது. அங்கே எலும்பு விரிந்தால், உட்புறம் ஒட்டியோடும் இரத்தக் குழாய் கிழிந்து, எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் தேங்கலாம். அடிபட்டவரோ மயங்கித் தெளிந்து, சில மணி நேரம் நன்றாகவே பேசக்கூடும். 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்த நடிகை நத்தாஷா ரிச்சர்ட்சன், முதலில் தமக்கு ஒன்றுமில்லை என்றார். இரண்டே நாளில் இறந்தார்.

தைலம் தேய்த்துப் படுக்க வைப்பது நம் வழக்கம். தலைவலி கூடுதல், வாந்தி, உளறல், எழுப்பியும் எழாத உறக்கம், இவற்றில் ஒன்று கண்டாலும் மலேசியாவில் 999ஐ அழைக்க வேண்டும்.

முதியவர்களுக்கோ மெல்லக் கசியும் இரத்தம் வாரங்கள் கழித்தும் தொல்லை தரும். நடை தள்ளாடும், நினைவு தடுமாறும். அதை மூப்பென்று விட்டுவிடுகிறோம்.