தெரிந்த தேதி

காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு சிறு வட்டு ஒட்டியிருக்கும். தோலுக்கு அடியில் ஒரு காந்தம், வெளியே வட்டில் ஒரு காந்தம். விரலால் சுண்டினால் கழன்றுவிடும். கழன்ற நொடியில் அந்தப் பிள்ளைக்கு வகுப்பறையின் சத்தமெல்லாம் நின்றுவிடும். பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட எளிதான விளையாட்டு கிடைக்காது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வழியாகக் குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செலவில்லாமல் நடக்கிறது. வெளிக்கருவி தண்ணீரில் விழுந்தோ மிதிபட்டோ வீணானால், புதிதாக வாங்க லட்சங்களில் பணம் வேண்டும்.

அந்த வட்டைப் பிடுங்குவதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரின் உறுப்பையோ புலனையோ துணைக்கருவியையோ வேண்டுமென்றே சேதப்படுத்துவதையும், அவர் அதைப் பயன்படுத்த விடாமல் குறுக்கிடுவதையும் குற்றம் என்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை, அபராதம் தனி. ஊன்றுகோலை ஒளித்து வைப்பதும், சக்கர நாற்காலியை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிடுவதும் இதே வகைதான். பொதுப் பார்வை படும் இடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதிப்பதற்கும் மிரட்டுவதற்கும் அதே பிரிவில் அதே தண்டனை. வகுப்பறை பொதுப் பார்வை படும் இடமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். நாற்பது பிள்ளைகள் பார்த்துச் சிரித்த பிறகு அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு விஷயம்.

சரி, பிடுங்கியவனுக்கு வயது பத்து. ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் குற்றமே இல்லை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்ததன் விளைவு புரியும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் பதினெட்டு வரை இளைஞர் நீதிக் குழுமம். ஒரு பத்து வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை, கேட்கவும் கூடாது. எனவே புகாரோடு வரும் பெற்றோரிடம் தலைமையாசிரியர் நிம்மதியாகச் சொல்கிறார்: "சின்னப் பசங்க சார், விளையாட்டுக்குப் பண்ணிட்டாங்க. கூப்பிட்டுக் கண்டிச்சிட்டேன்."

எச்சரிக்கை அந்த நிம்மதிக்குத்தான். பெற்றோர் அறைக்குள் வந்து சொல்லும் வரை அது ஒரு பையன் செய்த தப்பு. சொல்லிவிட்டுப் போன பிறகு பள்ளிக்குத் தெரியும். தெரிந்த பிறகு அடுத்த வாரம் அதே வட்டு மறுபடியும் பிடுங்கப்பட்டால், சட்டம் பையனின் வயதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பெரியவர்கள் இடைப்பட்ட நாட்களில் என்ன செய்தார்கள் என்று கேட்கும்.

இப்படிக் கேட்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் 1997-லிருந்தே இருக்கிறது. சிதம்பரத்தில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு இயற்றப்பட்ட ராகிங் தடைச் சட்டம் அது. கல்லூரிக்கு மட்டுமே உரியது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராகிங் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் அது கல்லூரி என்று எழுதவில்லை. எந்தக் கல்வி நிறுவனத்திலும் ஒரு மாணவருக்கு உடலுக்கோ மனதுக்கோ தீங்கு, அச்சம், வெட்கம், சங்கடம் ஏற்படுத்துவது என்று எழுதியிருக்கிறது. கிண்டலும் வசையும் அதில் அடக்கம். ஒருவர் இயல்பாக, விரும்பிச் செய்யமாட்டாத காரியத்தைச் செய்யச் சொல்வதும் அடக்கம். தண்டனை இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பள்ளி நிர்வாகிகள் படிக்க வேண்டிய வரி அதற்குப் பிறகு வருகிறது: புகார் வந்தும் நிறுவனத் தலைவர் உடனே விசாரித்து நடவடிக்கை எடுக்கத் தவறினால், அவரே அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகக் கருதப்படுவார்; அதே தண்டனை அவருக்கும் உண்டு.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைக்கு உள்ளாக்கினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ, அதனால் குழந்தைக்குத் தேவையற்ற உடல் வேதனையோ மனவேதனையோ வரக்கூடும் என்றால், 75-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதே அத்தியாயத்தில் 85-ஆம் பிரிவு என்று சிறிதாக ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தை மருத்துவச் சான்று பெற்ற மாற்றுத்திறனாளி என்றால் தண்டனை இருமடங்கு.

சான்று என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சேர்க்கை கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து குழந்தையின் குறைபாட்டை விண்ணப்பத்தில் மறைக்கும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பள்ளிகள்தான் அந்தப் பயத்தை உண்டாக்கியவை. ஆனாலும் மறைத்த தாளை நாளைக்குப் பள்ளியே எடுத்து நீட்டும்: "எங்களுக்குச் சொல்லவே இல்லையே."

இந்தக் குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சொல்வதில்லை, பலரால் சொல்லவும் முடியாது. செவித்திறன் இல்லாத பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்று தெரியாது, எல்லோரும் சிரிப்பது மட்டும் தெரியும். அதைச் சைகையில் சொல்லலாம் என்றால், சைகை மொழி தெரிந்த ஆசிரியர் பள்ளியில் இருக்கமாட்டார். பார்வையில்லாத பிள்ளை "யாரோ தள்ளிவிட்டாங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. திக்கித் திக்கிப் பேசும் பையன் புகார் சொல்ல வாயெடுத்தால் அதுவே அடுத்த கேலிக்குத் தீனி. அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. எழுத வராத பிள்ளை அதில் எதைப் போடும்?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு நடப்பது இன்னும் மோசமானது, ஏனென்றால் பார்ப்பதற்கு அது நட்பு போலவே இருக்கும். நாலு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள். "போய் மிஸ்கிட்ட இதைச் சொல்லுடா" என்று ஒரு கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். அவனும் நண்பர்கள் சொன்னார்களே என்று சந்தோஷமாகப் போய்ச் சொல்வான். அடி வாங்குவது அவன். விரும்பிச் செய்யமாட்டாத காரியத்தைச் செய்யவைப்பது என்று 1997 சட்டம் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆட்டிசம் உள்ள பையனிடம் வேறு உத்தி. எந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பேனா மூடியை டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தால் போதும், பத்தாவது நிமிடம் அவன் கத்திக்கொண்டு கையை வீசுவான். பதிவேட்டில் ஏறுவது அவன் கைவீச்சு மட்டும். பெற்றோரை அழைத்து, "உங்க பையன் மத்த பிள்ளைங்களை அடிக்கிறான்" என்று பள்ளியே புகார் வாசிக்கும்.

இது ஏதோ ஓரிரு பள்ளிகளின் கதை என்று ஒதுக்க முடியாது. லான்செட் குழுமத்தின் குழந்தைநல இதழ் 2022-ல் ஒரு பெரும் தொகுப்பாய்வை வெளியிட்டது. 25 நாடுகள், 98 ஆய்வுகள், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள். மாற்றுத்திறன் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் மூவர் ஏதோ ஒரு வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் ஆபத்து இருமடங்கு. சக மாணவர்களின் சீண்டலைத் தனியாக எடுத்தால் பத்தில் நால்வர். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. அதாவது ஆலோசகரும் சிறப்பாசிரியரும் இருக்கும் பள்ளிகளிலேயே கணக்கு இப்படி.

இங்கே சிறப்பாசிரியர் நிலவரம் வேறு. தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மறுபடியும் மாநிலங்களைக் கூப்பிட்டு, முதலில் பணியிடங்களையாவது அறிவியுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

பள்ளிக்குத் தெரிந்தும் பேச மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. மன்ஹாட்டனில் ஓர் அரசுப் பள்ளி, 2007-08 கல்வியாண்டு, மூன்றாம் வகுப்பில் கற்றல் குறைபாடுள்ள ஒரு சிறுமி. அவளைத் தள்ளிவிட்டார்கள், அசிங்கமானவள் என்றார்கள். அவள் தொட்ட பென்சில் என்பதற்காக அதைத் தொட மறுத்த பிள்ளையும் வகுப்பில் இருந்தது. இதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு உதவியாக வகுப்பில் இருந்தவர்களே இதையெல்லாம் பார்த்திருந்தார்கள். அவளுக்கான தனிக் கல்வித் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோர் இந்தப் பேச்சை எடுத்தபோது, இது அதற்கான இடமில்லை என்று முதல்வர் மறுத்துவிட்டார். பெற்றோர் அவளைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கட்டணத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சீண்டலைப் பற்றிப் பெற்றோரோடு பேசவே மறுத்ததன் மூலம் அந்தச் சிறுமிக்குரிய கல்வியைப் பள்ளி மறுத்துவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம். பிள்ளைகளின் குரூரத்தை அளந்து நஷ்டஈடு விதிக்கும் வேலையில் நீதிபதிகள் இறங்கவில்லை. கூட்டத்தில் மூடப்பட்ட வாயைப் பார்த்தார்கள்.

அமெரிக்கச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் நமக்கு அந்நியமானதும் இல்லை. 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். தனியார் பள்ளி என்று ஒதுங்க வழியில்லை. பாகுபாடின்றிச் சேர்ப்பது, மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாடவும் பொழுதுபோக்கவும் வாய்ப்புத் தருவது, தனிப்பட்ட ஆதரவு தருவது, பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது எல்லாம் அதில் உள்ள கடமைகள். "பாதுகாப்புக்காக" ஒரு பிள்ளையை இடைவேளை முழுக்க வகுப்பிலேயே உட்கார வைக்கும் பள்ளி, விளையாட்டு என்ற கடமையை அங்கேயே மீறிவிடுகிறது. செக்‌ஷன் மாற்றுவதென்றாலும் சீண்டியவனை மாற்றுவதில்லை, சீண்டப்பட்டவனைத்தான் மாற்றுகிறார்கள். பழகிய ஆசிரியரும் பழகிய படிக்கட்டும் இருக்கும் ஒரே நண்பனும் அவனுக்குப் போய்விடும். கடைசியில், "அவனுக்கேத்த ஸ்கூல்ல சேர்த்தா அவனுக்கே நல்லது" என்று டி.சி.யை நோக்கிப் பேச்சு நகரும். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம், 2009. பெற்றோரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட டி.சி.க்கு மட்டும் அந்தச் சட்டம் கைகொடுப்பது கஷ்டம். அதனால்தான் பள்ளிகள் வெளியேற்றுவதில்லை; வெளியேறும்படி பேசுகின்றன.

92-ஆம் பிரிவு தாளில் மட்டும் இருப்பது என்று நினைப்பவர்கள் 2024-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஆகஸ்ட் மாதம் சென்னை அசோக் நகரில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளிக்குப் பேச வந்தவர், உடற்குறைபாடு முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருளில் பேசினார். அரங்கிலேயே எழுந்து ஆட்சேபித்தவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். அந்தக் காணொளி பரவியது. செப்டம்பரில் பேச்சாளர் கைதானார், வழக்கில் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பிரிவும் இருந்தது, தலைமையாசிரியர் இடமாற்றப்பட்டார். அந்த அரங்கில் இருந்த பெரியவர்களில் பேச்சை இடைமறித்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரே ஒரு நடைமுறை விஷயம். வாயால் சொன்ன புகாருக்குத் தேதி கிடையாது. யாருக்கு, என்று, எங்கே, என்ன நடந்தது, குழந்தையின் குறைபாடு என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதி, அடையாள அட்டையின் நகலையும் இணைத்து, பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்; பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், பெரும்பாலும் சில வாரம்கூடத் தாங்காது. அடுத்த படிகள் முதன்மைக் கல்வி அலுவலர், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். தொலைபேசி என்றால் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417. சீண்டல் பாலியல் தொடர்பானதென்றால் இந்த வரிசையே கிடையாது. நேரே காவல் நிலையம். அதைத் தெரிந்தும் புகாரளிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்குப் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு.

முத்திரை போட மறுப்பார்கள். "எதுக்கு சார் எழுத்துல எல்லாம், நாம பேசித் தீர்த்துக்கலாம்" என்று டீ வரவழைப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அதே பக்கத்தைப் பள்ளியின் மின்னஞ்சலுக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒருசேர அனுப்புங்கள். தேதியும் மணியும் தானாகவே விழுந்துவிடும்.