தொடக்கப் பட்டியலும் இரு இயங்குதளங்களும்

மடிக்கணினி ஒன்றில் இரண்டு இயங்குதளங்களை நிறுவிக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே பரவியுள்ளது. அலுவலகப் பணிகளுக்கு விண்டோஸையும், நிரல் பயிற்சிக்கு லினக்ஸையும் அவர்கள் பயன்படுத்துகின்றனர். மைய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸையும் இவ்வாறு விண்டோஸுடன் நிறுவலாம். எது இயங்க வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் தோன்றும் பட்டியலில் தெரிவு செய்தல் வேண்டும்.

சிற்சில வேளைகளில், விண்டோஸ் புதுப்பிக்கப்பட்ட பின்னர் இப்பட்டியல் தோன்றாது போகும். கணினி நேரே விண்டோஸிற்குச் சென்றுவிடும். லினக்ஸ் அழிந்ததென்று அஞ்சி, அனைத்தையும் புதிதாக நிறுவ முற்படுவோர் உளர். கோப்புகள் உண்மையில் அழிவது அப்பொழுதுதான்.

முன்னைய பயாஸ் முறையில் வட்டின் முதற்பகுதியான 512 பைட்டுகளுள் 446 பைட்டுகளே தொடக்க நிரலுக்கு உரியன. ஆகவே, பின்னர் நிறுவப்பட்டது முன்னதன் நிரலை அழித்து அமர்ந்தது. இன்றைய யூ.ஈ.எப்.ஐ. முறையில் அவ்விடர் பெரும்பாலும் இல்லை. வட்டிலுள்ள சிறு தனிப் பிரிவொன்றில் ஒவ்வோர் இயங்குதளமும் தன் தொடக்கக் கோப்பைத் தனி உறையில் வைக்கின்றது. அவற்றின் பெயர்களும் முன்னுரிமை வரிசையும் தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் பதிந்துள்ளன. பட்டியல் மறைவதற்குப் பெரும்பாலும் இவ்வரிசை மாறியதே காரணமாகும்.

ஆகவே, முதலில் செய்யத்தக்கது சோதனையே. மின்விசையை அழுத்தியவுடன் எப்12, எப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் அக்கணினிக்குரிய விசையை அழுத்தினால் தாய்ப்பலகையின் பட்டியல் தோன்றும். அதில் லினக்ஸைத் தெரிந்தெடுக்க, அது இயங்குமாயின் இழப்பு ஏதுமில்லை. பின்னர் தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கத்தில் லினக்ஸை முதலிடத்தில் வைத்தல் போதுமானது.

லினக்ஸின் ‘கிரப்’ பட்டியலில் விண்டோஸ் காணப்படாமையும் உண்டு. 2021-இல் வெளிவந்த 2.06-ஆம் பதிப்பு முதல், பாதுகாப்புக் கருதி, பிற இயங்குதளங்களைத் தேடும் வசதியைக் கிரப் தானாக இயக்குவதில்லை. அமைப்புக் கோப்பில் அதற்கு இசைவளித்துப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் மீண்டும் இடம்பெறும். காத்திருக்கும் வினாடிகளையும் அக்கோப்பிலேயே மாற்றலாம்.

வரிசையை மாற்றுமுன் கோப்புகளுக்குப் படியெடுத்து வைத்தல் நன்று. பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியில் அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணையும் குறித்துக்கொள்ளல் இன்றியமையாதது. வரிசை மாறியதும் விண்டோஸ் அதனைக் கேட்கக்கூடும். பட்டியலில் பெயர் காணாமையைக் கொண்டு வட்டிலுள்ள கோப்புகள் அழிந்தனவென முடிவு செய்தல் ஆகாது.